பசை காயுமுன்

ஈரப் பஞ்சு,
பல் மெழுகு சீவும் தட்டைக் கத்தி,
அக்குளில் தையல் விட்ட ஒரு மழைக்கோட்டு.
காலை நாலரைக்கு வால்பரைசோவில்
நாய்களுக்குக்கூடக் குரைக்கச் சோம்பல்.
கொர்தியேரா குன்றுப் படிக்கட்டில்
அபெலினோவின் ஆணிக்கடைத் தகரச் சுவரில்
இரவு ஒட்டிவிட்டுப் போன தாள்
இன்னும் நனைந்திருக்கும்.

மாவுப் பசை காய ஐந்து மணி நேரம்,
கடலிலிருந்து மூடுபனி ஏறினால் ஏழு.
கடல்சிங்கத்தின் பாதி முகத்தோடு
நான் வீடு திரும்பிய நாள்
கற்றுத் தந்த கணக்கு இது.

கையெழுத்து கிடையாது.
மூலையில் ஒரு நத்தை, அவ்வளவுதான்.
ஆணோ பெண்ணோ, ஒருவரோ நால்வரோ,
ஊருக்கு அது நத்தை.
உளிக்கோடுகளின் சாய்வை வைத்து
இடக்கைப் பழக்கம் என்று முதலில் முடிவு கட்டினேன்.
அச்சில் எல்லாம் இடம் வலம் மாறுமே என்று
பல் துலக்கும்போது உறைத்தது.

பகலில் நான் பல் செட் செய்கிறவள்.
குழியைப் பார்த்து மேட்டை வார்ப்பவள்.
வெட்டியது வெள்ளை, விட்டது கறுப்பு
என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதினோரு தாள்கள், எக்ஸ்ரே உறைகளில்.
மீன் சந்தையில் டை கட்டித் தூங்கும்
அந்தக் கடல்சிங்கம், தாடை இல்லாமல்.
'ரொட்டி' என்ற சொல்லைத்
திருப்பி வெட்ட மறந்துபோய்
கண்ணாடியில் மட்டும் படிக்கக் கிடைக்கும் ஒன்று.
அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.
நத்தைக்கும் கை தவறும்.
எரிவாயு உருளையை
இடுப்பில் பிள்ளைபோல் இடுக்கி நிற்கும் ஆள் ஒருவன்.

சந்தியாகோவிலிருந்து வந்த சட்டக்கடைக்காரர்
தாளுக்கு நாற்பதாயிரம் பெசோ தருவதாகச் சொன்னார்.
எப்படிக் கிடைத்தது என்றும் கேட்டார்.
சேகரிப்பு என்றேன்.
எவ்வளவு குளிர்ச்சியான சொல்.

ரொசாமேல்தான் எங்கள் தெருவுக்கு எரிவாயு.
போன மாதம் உருளையை இறக்கிவிட்டு,
"ஆணிக்கடைச் சுவரில் என் படம் இருந்ததாமே,
நான் ஊரில் இல்லாத வாரம்.
மீசைகூட அப்படியே இருந்ததாம்" என்றான்.
"அப்படியா" என்றேன்.
சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன்.

பிறகு ஜூலையில் ஒரு வியாழன்.
தெருவிளக்கு பாதி, பனி பாதி.
சுவரில் ஒரு பெண், முதுகு காட்டி.
மழைக்கோட்டு. அக்குளில் தையல் விட்ட இடம்
ஒரே ஒரு வெள்ளைக் கீறல்.
அவள் உரிக்கும் தாளில்
அவளே சிறிதாக நின்று உரித்துக்கொண்டிருக்கிறாள்.
தோள்மேல் நத்தை, அவசரமே இல்லாமல்.

கையும் களவுமாக என்பார்கள்.
அதை மையில் பார்த்தேன்.

கத்தி மட்டும் இடக்கையில்.
நான் வலக்கைக்காரி.
திருப்பி வெட்ட மறந்ததா,
நான் நழுவ ஒரு சந்து விட்டதா?

பஞ்சை எடுத்தேன். வைத்தேன்.
ஓரம் கொஞ்சம் தூக்கி நின்றது, வா என்பதுபோல.
விரல் நுனியால் அதை அழுத்தி ஒட்டிவிட்டு
எந்த வாசலையும் பார்க்காமல் படி இறங்கினேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் போனால்
சுவர் வெறுமை.
கிழிசல் இல்லை, தூள் இல்லை,
நாலு மூலையிலும் பசைத் தடம் மட்டும்.
என்னைவிடச் சுத்தமான கை.
முதலில் வந்தது கோபம், அதுவும் தொழில்முறைக் கோபம்:
கத்தியா, நூலா, எதால் எடுத்தார்கள்?
வெட்கம் மதியத்துக்குமேல்தான் வந்தது,
யாருடைய கீழ்த்தாடைக்கோ
மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது.

எந்த வீட்டு இழுப்பறையில்
குப்புறக் கிடக்கிறேனோ.

செவ்வாய்க்கிழமை எரிவாயு தீரும்.
ரொசாமேல் வருவான்,
உருளையில் சாவியால் தட்டிக்கொண்டே.
மீசைக்காரன் இருக்கும் உறையை
வாசல் ஸ்டூலில் எடுத்து வைத்திருக்கிறேன்.
நேற்று இரவு ஒருமுறை
உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.
இன்று காலை மறுபடி வெளியே.